வட்டிப் பத்திரமும் எழுதுகிற கையும்

திருக்குர்ஆனின் இரண்டாம் அத்தியாயமாகிய அல் பகராவின் கடைசிப் பகுதியிலே, வணிகத்தை ஆகுமாக்கிய இறைவன் வட்டியை விலக்கிவிட்டான் என்றும், வரவேண்டிய வட்டியில் எஞ்சியிருப்பதை விட்டுவிட மறுப்பவர்கள்மீது இறைவனும் அவன் தூதரும் போர் அறிவிக்கிறார்கள் என்றும், அவ்வேதத்தில் மிக அரிதாகவே காணப்படும் கடுமையோடு கூறுகின்ற வசனங்கள் முடிந்ததும், வேதம் முழுவதிலும் மிக நீண்டதாகிய 282-ஆம் வசனம் தொடங்குகிறது. அது கடன் கொடுக்கல் வாங்கலுக்கு உரிய வசனம். தவணையிட்டுக் கடன் கொடுத்தால் அதை எழுதிக்கொள்ள வேண்டும். எழுதுகிறவன் நீதி தவறாமல் எழுத வேண்டும். எழுத்தறிவை இறைவன் தனக்கு அருளியிருக்கும்போது எழுத மாட்டேன் என்று அவன் மறுக்கலாகாது. அழைக்கப்பட்ட சாட்சிகள் வராமல் இருக்கலாகாது. எழுதுகிறவனுக்கோ சாட்சிக்கோ யாரும் தீங்கிழைக்கலாகாது என்றெல்லாம் அது விஸ்தாரமாக விதிக்கிறது. ஒரு குமாஸ்தாவின் வேலைக்கு வேதம் இவ்வளவு கௌரவம் அளித்திருப்பதை நினைக்கும்போது உள்ளம் நெகிழ்கிறது. ஆயினும், ஜாபிர் (ரலி) அவர்கள் அறிவித்து இமாம் முஸ்லிம் தம்முடைய தொகுப்பில் பதிவு செய்திருக்கும் ஹதீஸிலே, வட்டியை உண்பவன், அதைக் கொடுப்பவன், அதை எழுதுபவன், அதற்குச் சாட்சியாக நிற்கும் இருவர் ஆகிய அனைவரையும் நபிகள் நாயகம் (ஸல்) அவர்கள் சபித்தார்கள் என்றும், அவர்கள் யாவரும் சமமானவர்களே என்று உரைத்தார்கள் என்றும் காண்கிறோம்.

அதே எழுதுகோலும், அதே மையும், அதே எழுத்துத் திறமையும் ஓரிடத்திலே இறைவனுடைய கட்டளையை நிறைவேற்றும் கருவியாகவும், மற்றோரிடத்திலே சாபத்துக்கு இலக்காகும் கருவியாகவும் ஆகிவிடுகின்றன. வட்டியை அடிப்படையாகக் கொண்ட வங்கிகளிலும் நிதி ஸ்தாபனங்களிலும் ஒரு முஸ்லிம் உத்தியோகம் பார்க்கலாமா என்று நம் இளைஞர்கள் ஆலிம்களிடம் கேட்கும் கேள்வி, ஆழ்ந்து பார்க்கும்போது, இந்த எழுதுகிறவனைப் பற்றிய கேள்வியே அன்றி வேறில்லை. வங்கி என்னும் பெயர்ப்பலகையைப் பார்த்த மாத்திரத்திலே ஆகும் என்றோ ஆகாது என்றோ ஒரே சொல்லில் தீர்த்துவிடுவது எளிது. ஆனால் மார்க்கச் சட்ட நிபுணர்களில் நுண்ணியவர்கள் அவ்வாறு தீர்க்கவில்லை. கை எதை எழுதுகிறது, எந்த நோக்கத்தோடு எழுதுகிறது, அந்த எழுத்துக்கும் விலக்கப்பட்ட செயலுக்கும் இடையே எவ்வளவு தூரம் இருக்கிறது என்பவற்றையே அவர்கள் ஆராய்ந்தார்கள். அந்த ஆராய்ச்சியின் வழியே சென்று, என் அறிவுக்கு நியாயமெனப் படுகிற முடிவைச் சொல்ல விரும்புகிறேன்.

விலக்கப்பட்டது எது என்பதை முதலில் தெளிவு செய்துகொள்ள வேண்டும். அறியாமைக் காலத்து அரபு நாட்டில், கடனின் தவணை வந்ததும், இப்போது தந்துவிடுகிறாயா, அல்லது தவணையை நீட்டித் தொகையைக் கூட்டிக்கொள்கிறாயா என்று கடன்பட்டவனைக் கேட்பது வழக்கமாக இருந்தது. அந்த வழக்கத்தை நபிகள் நாயகம் (ஸல்) அவர்கள் ஹிஜ்ரி 10-ஆம் ஆண்டில் தம்முடைய இறுதி ஹஜ்ஜின்போது அரபாத்திலே திரண்டிருந்த ஜனத்திரளின் முன்னிலையில் அடியோடு ரத்துச் செய்தபோது, தாம் ரத்துச் செய்யும் முதலாவது வட்டி தம்முடைய சிறிய தந்தையாகிய அப்பாஸ் (ரலி) அவர்களுக்கு வரவேண்டிய வட்டியே என்று அறிவித்தார்கள். சட்டத்தின் சுமையை முதலில் தம் குடும்பத்தின் தோளிலேயே ஏற்றிய அந்தச் செயலை, இக்கட்டுரையின் முடிவிலே நாம் பேச வேண்டிய விஷயத்துக்காக வாசகர்கள் மனத்தில் வைத்திருக்க வேண்டுகிறேன்.

கடன் கொடுப்பதையோ வாங்குவதையோ இஸ்லாம் இழிவாகக் கருதவில்லை. நபிகள் நாயகம் (ஸல்) அவர்கள் இவ்வுலகை நீத்த காலத்தில் அவர்களுடைய போர்க்கவசம், குடும்பத்துக்காக வாங்கிய வாற்கோதுமைக்கு ஈடாக மதீனாவில் ஒரு யூதரிடம் அடகில் இருந்தது. கடனைத் திருப்பும்போது தாமாக மனமுவந்து சற்று அதிகமாகக் கொடுத்ததும் அவர்களுடைய வழக்கமே. ஆகவே விலக்கப்பட்டது கடனும் அன்று, கூடுதலும் அன்று. கடன் கொடுக்கும்போதே கூடுதலை நிபந்தனையாக்கி, கடன்பட்டவனுக்கு லாபம் வந்தாலும் நஷ்டம் வந்தாலும் தன் பங்கு குறையாதபடி காலத்துக்கு விலை பேசிக்கொள்வதே விலக்கப்பட்டது. 1111-இல் மறைந்த இமாம் கஸ்ஸாலி தம்முடைய இஹ்யா உலூமித்தீன் என்னும் மகத்தான நூலில், பொன்னும் வெள்ளியும் தமக்கென நிறம் எதுவும் இல்லாமல் எல்லா நிறங்களையும் காட்டுகிற கண்ணாடியைப் போன்றவை என்றும், பொருள்களின் மதிப்பைக் காட்டுவதற்காகப் படைக்கப்பட்ட அவற்றையே சரக்காக்கி அவற்றைக் கொண்டு அவற்றையே சம்பாதிப்பது அவற்றின் இயல்புக்கு இழைக்கும் அநீதி என்றும் விளக்கியிருக்கிறார். வட்டி விலக்கப்பட்டதன் தத்துவத்தை இதைவிடத் தெளிவாகச் சொன்னவர்களை நான் கண்டதில்லை.

இன்றைய வங்கிகள் கொடுக்கவும் வாங்கவும் செய்கிற வட்டி இந்த வரம்புக்குள் வருமா என்பதிலே சென்ற நூற்றாண்டில் ஒரு வாதம் எழுந்தது. வேதம் தடுத்தது ஏழையின் வயிற்றிலடிக்கும் கொடிய வட்டியையே என்றும், தொழில் நடத்துகிறவர்கள் தம் சம்மதத்தோடு வாங்குகிற கடனுக்கு அது பொருந்தாது என்றும் சிலர் கூறினார்கள். எகிப்தின் முஃப்தியாக இருந்த முஹம்மத் ஸய்யித் தந்தாவி 1989-இல் அரசாங்கத்தின் முதலீட்டுப் பத்திரங்களுக்கு அனுமதி அளித்தார். அவர் அல் அஸ்ஹரின் தலைமைப் பதவியில் இருந்த 2002-இல், முன்கூட்டி நிர்ணயிக்கப்பட்ட லாபத்தோடு வங்கிகளில் முதலீடு செய்வது ஆகும் என்று அங்குள்ள ஆராய்ச்சி மன்றமும் தீர்ப்பளித்தது. ஆனால் அதே மன்றம் 1965-இல் கெய்ரோவில் கூடிய மாநாட்டில், கடன் எவ்வகையினதாயினும் அதன்மீது வாங்கும் வட்டி விலக்கப்பட்டதே என்று முடிவு செய்திருந்தது. ஜித்தாவைத் தலைமையிடமாகக் கொண்ட சர்வதேச ஃபிக்ஹு மன்றமும் 1985-இல் அம்முடிவையே உறுதி செய்தது. ஏழையின் கடன் வேறு, வியாபாரியின் கடன் வேறு என்னும் பாகுபாட்டை அந்த வசனங்கள் இறங்கிய சந்தர்ப்பமே தாங்கவில்லை. விரிவுரையாளர்கள் குறிப்பிடுகிறபடி, தாயிப் நகரத்து ஸகீப் கோத்திரத்தார் மக்காவின் பனூ முகீரா குடும்பத்தாரிடம் தங்களுக்கு வரவேண்டிய வட்டியைக் கேட்டபோது எழுந்த வழக்கே அந்தச் சந்தர்ப்பம். பனூ முகீராவோ மக்காவின் செல்வச் செழிப்புள்ள வணிகக் குடும்பம். பெரும்பான்மையோரின் தீர்ப்பே சரியானது என்பது என் அபிப்பிராயம். அதை ஏற்றுக்கொண்டே மேலே செல்கிறேன். ஏனெனில் வங்கி வட்டி ஆகுமென்று கொள்பவர்களுக்கு வங்கி உத்தியோகத்தைப் பற்றிய பிரச்சினையே எழாது.

இனி உத்தியோகத்துக்கு வருவோம். சவூதி அரேபியாவின் பெரிய மார்க்க அறிஞர்களாகிய இப்னு பாஸும் இப்னு உஸைமீனும், வட்டி வங்கியில் எந்தப் பதவியும் ஆகாது என்று தீர்ப்பளித்தார்கள். பாவத்துக்கும் அத்துமீறலுக்கும் ஒருவருக்கொருவர் துணைபோகாதீர்கள் என்னும் கருத்துடைய அல் மாயிதா அத்தியாயத்தின் இரண்டாம் வசனம் அவர்களுக்கு ஆதாரம். வாயிற்காவலனும் வாகன ஓட்டியும் வட்டியை எழுதவில்லையே என்று கேட்டால், அந்த ஸ்தாபனம் நடப்பதற்கு அவர்களும் கை கொடுக்கிறார்கள், அங்கே சேவகம் செய்வதே அச்செயலைக் கண்டு மனம் பொருந்துவதாகும் என்று இப்னு உஸைமீன் பதில் சொன்னார். இந்தத் தீர்ப்பில் ஒரு பரிசுத்தம் இருக்கிறது. பாவத்தின் வாசற்படியைக்கூட மிதிக்கலாகாது என்னும் வைராக்கியம் அது. ஆனால் துணைபோதல் என்பதை இவ்வளவு தூரம் நீட்டினால், வங்கிக்கு மின்சாரம் அனுப்புகிறவனும், அதன் கட்டிடத்துக்குச் செங்கல் விற்றவனும், அதன் ஊழியர்களுக்கு உணவு சமைக்கிறவனும் எங்கே நிற்பார்கள் என்னும் கேள்விக்கு விடை கிடைப்பதில்லை.

இந்தக் கேள்விக்கு ஹனபி மத்ஹபின் பழைய சட்ட நூல்களிலே ஓர் அடிப்படை இருக்கிறது. மதுவின் விஷயத்திலும் நபிகள் நாயகம் (ஸல்) அவர்கள் பத்துப் பேரைச் சபித்ததாக ஹதீஸ் உண்டு. பிழிகிறவன், பிழியச் சொல்கிறவன், குடிக்கிறவன், ஊற்றிக் கொடுக்கிறவன், விற்கிறவன், வாங்குகிறவன் ஆகியோரோடு அதைச் சுமந்து செல்கிறவனும் அப்பட்டியலில் அடங்குகிறான். அப்படியிருக்க, ஒரு முஸ்லிம் கூலிக்காக, முஸ்லிம் அல்லாத ஒருவரின் மதுவைச் சுமந்து சென்றால் அந்தக் கூலி ஆகுமா என்று கேட்கப்பட்டபோது, ஆகும் என்றார் இமாம் அபூஹனீபா. அவருடைய மாணவர்களாகிய அபூயூசுபும் முஹம்மதும் அது வெறுக்கத்தக்கது என்றார்கள். மாணவர்கள் ஹதீஸின் வெளிப்படையான பொருளைப் பற்றி நின்றார்கள். ஆசிரியரோ, பாவம் குடிப்பதிலே இருக்கிறது, குடிப்பவன் தன் சுய இச்சையால் குடிக்கிறான், சுமப்பதென்னும் செயல் தன்னளவில் பாவமன்று, பாவத்துக்காகவே என்னும் எண்ணத்தோடு சுமப்பவனையே சாபம் குறிக்கும் என்று வாதித்தார். இந்த வாதத்தைப் படிக்கும் சிலருக்கு இமாம் இளக்காரமாகச் சட்டத்தைத் தளர்த்திவிட்டார் என்று தோன்றக்கூடும். அப்படியன்று. ஒரு செயலுக்கும் அதைச் சூழ்ந்து நிற்கும் ஆயிரம் செயல்களுக்கும் இடையே கோடு கிழிக்காவிட்டால், உலகத்தில் எந்த உழைப்பாளியின் கூலியும் தூய்மையாக நிற்காது என்பதை அவர் உணர்ந்திருந்தார். துணிவணிகராய் இருந்து சந்தையின் சிக்கல்களைத் தம் கையால் அறிந்தவர் அவர் என்பதையும் மறக்கலாகாது.

நம் உபகண்டத்தில் தேவ்பந்தின் முஃப்தியாக இருந்து பின்னர் பாகிஸ்தான் சென்ற முஃப்தி முஹம்மத் ஷஃபீ, பாவத்துக்குத் துணைபோதல் என்னும் இந்த ஒரு விஷயத்தையே தனி நூலாக எழுதி, நெருங்கிய காரணம், தூரமான காரணம் என்று படிகள் வகுத்தார். அவருடைய குமாரரும், பாகிஸ்தானின் உச்ச நீதிமன்ற ஷரீஅத் அமர்வில் இருந்துகொண்டு 1999-இல் வட்டிக்கு எதிரான புகழ்பெற்ற தீர்ப்பை வழங்கிய நீதிபதிகளில் ஒருவருமாகிய தகீ உஸ்மானி, அந்தப் படிகளை வங்கிக்குப் பொருத்தினார். வட்டி ஒப்பந்தத்தை எழுதுவது, அதற்குச் சாட்சியாவது, வட்டியைக் கணக்கிடுவது, வசூலிப்பது, கொடுப்பது ஆகியவற்றோடு நேரே சம்பந்தப்பட்ட உத்தியோகங்கள் ஆகாதவை. வாயிற்காவல், வாகனம் ஓட்டுதல், எடுபிடி வேலை போன்று வட்டியோடு நேர் சம்பந்தமில்லாதவை அவ்வாறு ஹராமாகிவிடுவதில்லை. அங்கே சம்பளம் எங்கிருந்து வருகிறது என்னும் சந்தேகத்துக்கும் அவர் விடை சொல்கிறார்: வங்கியின் பணப்பெட்டியில் பங்குதாரர்களின் மூலதனமும் மக்கள் போட்டுவைத்த பணமுமே பெரும்பகுதி; வட்டியால் வந்த வருமானம் சிறுபகுதி; ஆகுமானதும் ஆகாததும் கலந்த பொருளில் ஆகுமானது மிகுந்திருந்தால் அதிலிருந்து ஆகுமான வேலைக்குக் கூலி பெறலாம்.

இந்த விடைக்கு நபிகள் நாயகம் (ஸல்) அவர்களுடைய வாழ்க்கையிலேயே ஆதாரம் இருக்கிறது. வட்டி வாங்குகிறவர்கள் என்று வேதமே குற்றம் சாட்டிய மதீனாவின் யூதர்களிடமிருந்து அவர்கள் தானியம் வாங்கினார்கள். விருந்துக்கு அழைத்தபோது சென்றார்கள். கவசத்தை அவர்களிடமே அடகு வைத்தார்கள். எதிரில் இருப்பவனுடைய பணப்பெட்டியில் வட்டி கலந்திருக்கிறது என்பதற்காக அவனோடு செய்யும் நேர்மையான வியாபாரமும் வேலையும் அசுத்தமாகிவிடுவதில்லை. கூலியின் தூய்மை முதலாவதாக வேலையின் தூய்மையைப் பொறுத்தது.

தமிழகத்தின் கடற்கரைப் பட்டினங்களிலும் இலங்கையிலும் வாழும் முஸ்லிம்களில் மிகப் பெரும்பாலோர் ஷாபிஈ மத்ஹபினர் ஆதலால், அவர்கள் போற்றும் இமாம் நவவி என்ன சொன்னார் என்பதையும் குறிப்பிட வேண்டும். முஸ்லிமின் தொகுப்புக்கு அவர் எழுதிய விரிவுரையில், வட்டியில் ஈடுபடும் இருவருக்கிடையே பத்திரம் எழுதுவதும் அதற்குச் சாட்சியாவதும் ஹராம் என்பதற்கு இந்த ஹதீஸ் ஐயத்துக்கு இடமில்லாத பிரமாணம் என்று முடிவு கட்டுகிறார். அவருக்கு ஒன்றரை நூற்றாண்டுக்குப் பின்னர், அதே மத்ஹபைச் சேர்ந்த இப்னு ஹஜர் அஸ்கலானி, புகாரிக்கு எழுதிய விரிவுரையில் ஒரு நுட்பத்தைச் சேர்க்கிறார்: இந்தச் சாபம் வட்டிக்காரனோடு இசைந்து அவன் காரியத்தை நிறைவேற்றித் தருகிறவனுக்கே உரியது, நடந்தது இன்னது என்று உள்ளபடி பதிவு செய்து, அதைக்கொண்டு நியாயம் நிலைபெற வேண்டும் என்னும் நோக்கத்தோடு எழுதுகிறவன் நல்ல எண்ணமுடையவன், அவன் அந்த எச்சரிக்கைக்குள் அடங்கமாட்டான். இந்தச் சில வரிகளை எத்தனை முறை படித்தாலும் எனக்கு அலுப்பதில்லை. வங்கியின் கணக்கைத் தணிக்கை செய்து மோசடியை வெளிப்படுத்துகிறவர், கந்து வட்டிக்காரனுக்கு எதிராக ஏழைக்காக வழக்காடும் வக்கீல், வழக்கைக் கேட்டு ஆவணங்களைப் பதிவு செய்யும் நீதிமன்ற ஊழியர் ஆகிய பலருடைய நிலைமைக்கு இதிலே வழி பிறக்கிறது. எழுதுவதிலே இரண்டு விதம் உண்டு; ஒன்று செயலை உண்டாக்கும் எழுத்து, மற்றொன்று உண்டான செயலை நியாயத்துக்காகப் பதியும் எழுத்து. சாபம் முதலாவதற்கே என்பது அவர் கருத்தின் சாரம்.

இந்த அளவுகோலைக் கையில் வைத்துக்கொண்டு இன்றைய வங்கிக்குள் நுழைந்து பார்த்தால், பல மேசைகளைப் பற்றிய சந்தேகம் தானே தீர்ந்துவிடுகிறது. கடன் மனுக்களைப் பரிசீலித்து வட்டி விகிதத்தை நிர்ணயித்துக் கையொப்பமிடும் மேலாளரும், கடன் பத்திரத்தைத் தயாரிக்கும் அதிகாரியும், கடன் வாங்கும்படி ஊர்தோறும் சென்று ஆள் சேர்க்கும் முகவரும், தவணை தவறியவனிடம் அபராத வட்டியோடு வசூலிக்கச் செல்கிறவரும் அந்த ஹதீஸில் சொல்லப்பட்ட எழுதுகிறவனும் சாட்சியும் அல்லவென்று சொல்ல எனக்கு வாய் வரவில்லை. காவலர், துப்புரவாளர், கட்டிடத்தின் மின் இணைப்பைப் பராமரிப்பவர் ஆகியோரைச் சபிக்கப்பட்டவர்களோடு சேர்க்கவும் எனக்கு நியாயம் தோன்றவில்லை. பாதுகாப்புப் பெட்டகம், பணம் அனுப்புதல், அந்நிய நாணயத்தை உடனுக்குடன் மாற்றிக் கொடுத்தல் போன்றவை தன்னளவில் ஆகுமான சேவைகளே. அவற்றை மாத்திரம் கவனிக்கும் பிரிவில் இருப்பவரின் நிலைமை இலேசானது. காசாளரின் நிலைமையே மிகவும் சிக்கலானது. ஒரே ஜன்னலின் வழியாக ஒருவருடைய மாதச் சம்பளமும் மற்றொருவருடைய வட்டியும் அவர் கையால் செல்கின்றன. அவர் விஷயத்தில் ஆலிம்கள் கருத்து வேற்றுமைப்படுவதில் ஆச்சரியமில்லை.

நம் காலத்திலே எழுதுகிறவன் மனிதனாகவே இருக்க வேண்டும் என்பதும் இல்லை. சென்னையிலும் பெங்களூரிலும் உள்ள கணினி மென்பொருள் நிறுவனங்களில், அயல்நாட்டு வங்கிகளுக்காக இரவு பகலாக உழைக்கும் இளைஞர்களில் முஸ்லிம்கள் பலர் இருக்கிறார்கள். லட்சக்கணக்கான கணக்குகளில் ஒவ்வோர் இரவும் வட்டியைக் கணக்கிட்டு ஏற்றுகின்ற நிரலை எழுதுகிறவன், பழைய காலத்து எழுத்தன் ஒரு பத்திரம் எழுதியதற்குப் பதிலாக லட்சம் பத்திரங்களை ஒரே மூச்சில் எழுதுகிறான் என்றே நான் கருதுகிறேன். அவன் வங்கியின் சம்பளப் பட்டியலில் இல்லை என்பது அவனைக் காப்பாற்றாது. அதே நிறுவனத்தில், அதே வங்கிக்காக, திருடர்கள் கணக்கில் நுழையாதபடி காவல் செய்யும் நிரலையோ, வாடிக்கையாளரின் முகவரியைப் பாதுகாக்கும் நிரலையோ எழுதுகிறவனுடைய நிலைமை வேறு. உத்தியோகத்தின் பெயரை விட்டுவிட்டு வேலையின் உள்ளடக்கத்தை ஆராய வேண்டும் என்பதற்கு இதைவிட நல்ல உதாரணம் தேவையில்லை.

இவற்றுக்கெல்லாம் அப்பால் நின்று வேறொரு வாதத்தை முன்வைத்தவர் மார்க்க அறிஞர் யூசுப் அல் கர்ளாவி. வட்டி ஒரு குமாஸ்தாவின் பாவமாக நின்றுவிடாமல் பொருளாதார அமைப்பு முழுவதிலும் ஊடுருவிவிட்டது. ஒருவன் வெளியேறுவதால் அவ்வமைப்பு மாறிவிடாது. முஸ்லிம்கள் யாவரும் வெளியேறினால் நிதித்துறை முழுவதும் பிறர் கைக்குச் சென்றுவிடும். வங்கியின் வேலைகள் எல்லாம் வட்டியும் அல்ல. ஆகவே நிலைமை மாற வேண்டும் என்னும் விருப்பத்தோடும், அந்த மாற்றத்துக்கு உதவும் தேர்ச்சியைப் பெறும் நோக்கத்தோடும், ஜீவனோபாயத்தின் நிர்ப்பந்தத்தாலும் அங்கே பணிபுரிகிறவனைத் தடுக்கலாகாது என்று அவர் ஃபத்வா அளித்தார். தேர்ச்சியைப் பற்றி அவர் சொன்னது சரித்திரத்தால் மெய்ப்பிக்கப்பட்டது. எகிப்தின் நைல் நதிக் கழிமுகத்தில் மித் கம்ர் என்னும் ஊரிலே 1963-இல் வட்டியில்லாச் சேமிப்பு வங்கியைத் தொடங்கிய அஹ்மத் அல் நஜ்ஜார், மேற்கு ஜெர்மனியில் கல்வி பயின்று, அந்நாட்டின் சேமிப்பு வங்கிகளை மாதிரியாகக் கொண்டே அதை அமைத்தார். எனினும் கர்ளாவியின் அனுமதியை, எல்லா மேசைகளுக்கும் எல்லாக் காலத்துக்கும் எழுதிக் கொடுத்த சாசனமாக எடுத்துக்கொள்கிறவர்கள், அவர் வைத்த நிபந்தனைகளை மறந்துவிடுகிறார்கள். மாற்றத்தை விரும்பி உள்ளே நுழைந்தவன், பதவி உயர்வுகளை எண்ணிக்கொண்டு முப்பதாண்டுகள் கழித்து ஓய்வூதியத்தோடு வெளியே வந்தால், அவன் எந்த மாற்றத்துக்கு உதவினான் என்று அவனுடைய மனச்சாட்சியே கேட்கும்.

வேறொரு புகலிடமும் நம் நாட்டில் அவ்வப்போது தேடப்படுகிறது. முஸ்லிம்களின் ஆட்சிக்கு உட்படாத பகை நாட்டில் முஸ்லிம் அல்லாதவரிடம் பெறும் மிகுதி வட்டியாகாது என்று இமாம் அபூஹனீபா கருதினார். பிரிட்டிஷார் ஆண்ட காலத்தில், இந்நாடு பகை நாடாகிவிட்டது என்னும் டில்லி ஆலிம் ஷா அப்துல் அஸீஸின் ஃபத்வாவையும் துணைக்கொண்டு இந்த வாதம் வலுப்பெற்றது. ஆனால் அபூயூசுப் அதை மறுத்தார். இமாம் ஷாபிஈயும் மறுத்தார். சம உரிமையுள்ள பிரஜைகளாய் நாம் வாழ்கிற சுதந்திர பாரதத்தைப் பகை நாடு என்று பெயரிட்டு அதன்மேல் ஒரு சலுகையைக் கட்டுவதில் மார்க்கமும் இல்லை, கண்ணியமும் இல்லை.

நிர்ப்பந்தத்தைப் பற்றிச் சொல்லாமல் இந்த விஷயத்தை முடிக்க முடியாது. பசியால் உயிர் போகும் நிலையில் செத்த பிராணியின் மாமிசத்தையும் உண்ணலாம் என்று அனுமதித்த மார்க்கம், அந்த அனுமதியைத் தேவையின் அளவோடு நிறுத்தியது. வட்டி மேசையில் அமர்ந்திருக்கும் ஒருவர், வீட்டில் வயோதிகத் தாய் தந்தையரும் படிக்கும் குழந்தைகளும் இருக்க, என்ன செய்வது என்று கேட்டு வரும்போது, நாளைக்கே ராஜினாமா செய்துவிடு என்று உபகண்டத்து முஃப்திகள் சாதாரணமாகச் சொல்வதில்லை. வேலையற்றவன் எவ்வளவு கவலையோடு வேலை தேடுவானோ அவ்வளவு கவலையோடு வேறு வேலை தேட வேண்டும். அது கிடைத்ததும், வருமானம் குறைவாயினும் மாறிவிட வேண்டும். அதுவரை இறைவனிடம் பிழை பொறுக்கக் கேட்டுக்கொண்டிருக்க வேண்டும் என்பதே அவர்கள் காட்டும் வழி. ஆகாது என்று அறியாமல் முன்னர் வாங்கிய சம்பளத்தைப் பற்றிக் கலங்குகிறவர்களுக்கும் ஆறுதல் உண்டு. உபதேசம் வந்த பின்னர் விலகிக்கொண்டவனுக்கு முன்னர் சென்றது அவனுக்கே உரியது, அவன் விவகாரம் இறைவனிடம் இருக்கிறது என்னும் கருத்தை, வட்டியைத் தடுத்த அல் பகராவின் 275-ஆம் வசனமே உள்ளடக்கியிருக்கிறது. பாவத்தைக் கண்டித்த அதே வசனத்தில் மீளுவதற்கும் கதவு திறந்து வைத்த கருணையை, தீர்ப்புச் சொல்லும் நாம் அடிக்கடி மறந்துவிடுகிறோம்.

மாற்று ஸ்தாபனங்கள் உலகத்தில் வளர்ந்திருக்கின்றன. 1975-இல் துபாயிலும், 1983-இல் மலேசியாவிலும் இஸ்லாமிய வங்கிகள் தோன்றின. இலங்கையில் 2005-ஆம் ஆண்டின் சட்டத் திருத்தம் அதற்கு இடமளிக்க, 2011-இல் அமானா வங்கி தொடங்கியது. அங்கெல்லாம் நடப்பது யாவும் குற்றமற்றது என்று நான் சொல்லவில்லை. பெயரளவில் சரக்கு ஒன்றை வாங்கி விற்று, முடிவில் ரொக்கத்தையே கடனாகக் கொடுக்கும் ஒரு முறையை, அந்தச் சர்வதேச ஃபிக்ஹு மன்றமே 2009-இல் கூடாதென்று தீர்ப்பளித்தது. இந்தியாவிலோ, வங்கிகள் சரக்கு வாங்கி விற்பதை 1949-ஆம் ஆண்டின் வங்கி ஒழுங்குமுறைச் சட்டத்தின் 8-ஆம் பிரிவு தடுக்கிறது. ரகுராம் ராஜன் தலைமையிலான குழு 2008-இல் வட்டியில்லா வங்கி முறைக்கு ஆதரவாகச் சிபாரிசு செய்தும், ரிசர்வ் வங்கி 2017-இல் அந்த யோசனையைக் கைவிட்டது. ஆகவே துபாயிலோ கொழும்பிலோ ஒரு வங்கி அதிகாரிக்குத் திறந்திருக்கும் பக்கத்துக் கதவு திருச்சியிலோ மதுரையிலோ இருக்கும் ஒருவருக்குத் திறந்திருக்கவில்லை. இதை அறியாமல் அங்குள்ள ஃபத்வாவை இங்குள்ளவனுக்கு அப்படியே எடுத்து ஓதுவது பொறுப்பான காரியமன்று.

என் முடிவை மறைக்காமல் சொல்லிவிடுகிறேன். வட்டியை உண்டாக்கும் எழுத்து ஆகாது. அதைத் தளர்த்துவதற்கு எனக்கு ஆதாரம் கிடைக்கவில்லை. அதற்கு அப்பாலுள்ள வேலைகளை அவற்றின் தூரத்துக்கேற்ப ஆராய்ந்தே தீர்ப்புச் சொல்ல வேண்டும். ஐயமுள்ள இடங்களில் விலகி நிற்பது பேணுதல், ஆனால் பேணுதலை ஒருவன் தனக்குத் தானே விதித்துக்கொள்ளலாமே அன்றி அயலான்மீது ஹராம் என்னும் பெயரால் சுமத்தலாகாது. இமாம் கஸ்ஸாலியும் பேணுதலுக்கு நான்கு படிகள் வகுத்து, சாமானிய நீதிமானுக்கு உரியது ஒன்று, மெய்யடியார்களுக்கு உரியது மற்றொன்று என்று பிரித்தே காட்டினார்.

இத்தீர்ப்பின் சுமையை அந்த ஒற்றை ஊழியரின் தோளில் மாத்திரம் ஏற்றிவிட்டு நாம் பள்ளிவாசலிலிருந்து வீடு திரும்பிவிடலாகாது. நபிகள் நாயகம் (ஸல்) அவர்கள் வட்டியை ரத்துச் செய்தபோது தம்முடைய சிறிய தந்தையின் வரவிலிருந்து தொடங்கினார்கள்; நாமோ வேலையிழக்கப் போகும் குமாஸ்தாவின் சம்பளத்திலிருந்து தொடங்குகிறோம். ஆகவே ஜமாஅத்துக்களின் நிர்வாகிகளுக்கு ஒரு விண்ணப்பம். ஊர்தோறும் பைத்துல்மால் நிதியின் ஒரு பகுதியை, வட்டி மேசையை விட்டு வெளிவருகிறவர்களுக்கு வட்டியில்லாக் கடனாக அளிக்க ஒதுக்குங்கள். கடையும் தொழிற்சாலையும் வைத்திருக்கும் செல்வர்கள், கணக்கிலும் சட்டத்திலும் தேர்ந்த அவர்களுக்குத் தம்மிடம் வேலை கொடுக்க முன்வாருங்கள். அரபிக் கல்லூரிகளை நடத்தும் பெரியோர்கள், ஃபத்வா எழுதப் பயிலும் மாணவர்களை ஒரு வங்கியின் உள்ளே ஒவ்வொரு மேசையிலும் என்ன நடக்கிறது என்பதைக் கேட்டறிந்து வரச் செய்யுங்கள். வங்கித் தேர்வுக்கு மனுச் செய்ய நினைக்கும் இளைஞர்கள், தேர்வு முடிந்து உத்தரவு கையில் வந்த பின்னர் கேட்காமல், மனுவை அனுப்புவதற்கு முன்னரே ஓர் ஆலிமிடம் சென்று, எந்த மேசை என்பதையும் சொல்லிக் கேளுங்கள்.